ப்ராஜெக்ட் ஜாம்பாய்டு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

ப்ராஜெக்ட் ஜாம்பாய்டு என்பது எழுந்து நடக்கும் பிணங்களிடமிருந்து, அதாவது ஜாம்பிகளிடமிருந்து, தப்பிப் பிழைக்கப் பார்க்கும் கணினி விளையாட்டு. அது தொடங்கும்போது கறுப்புத் திரையில் சில வரிகள் வரும். பிழைக்க வழியே இல்லை என்று சொல்லிவிட்டு, நீங்கள் செத்த கதை இதுதான் என்று முடியும். புதிதாக ஆட வருபவர்கள் இதைப் படித்துப் பயந்துவிட்டு உள்ளே போகிறார்கள். அரை மணி நேரத்தில் செத்துவிட்டு, 'ஏன் செத்தேன் என்றே புரியவில்லை' என்கிறார்கள். எனக்குத் தெரிந்த நண்பர்கள் நாலைந்து பேர் இந்த ஒரு காரணத்துக்காகவே விளையாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தி இண்டி ஸ்டோன் என்ற பிரிட்டிஷ் குழு 2011இல் இதை முதலில் வெளியே விட்டது. 2013 நவம்பரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது. 2021 டிசம்பரில் முழுமையாக வந்த 41ஆம் பதிப்புக்குப் பிறகுதான் பெரிய கூட்டம் சேர்ந்தது. நான் கீழே சொல்வதெல்லாம் அந்த 41ஐ வைத்து, அபொகலிப்ஸ் என்ற வழக்கமான ஆட்ட முறையில். கதை நடப்பது 1993 ஜூலையில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில். மல்ட்ரா, வெஸ்ட் பாயின்ட், லூயிவில் எல்லாம் அங்கே உண்மையிலேயே இருக்கும் ஊர்கள். கையில் செல்போன் கிடையாது, இணையம் கிடையாது. டிவியும் ரேடியோவும்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த விளையாட்டில் சாவு தெரிகிற இடம் ஒன்று, தொடங்கிய இடம் வேறு. கழுத்தில் கடி விழுந்த அந்த நொடியில் நீங்கள் செய்திருக்கக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. பத்து நிமிடம் பின்னால் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு சத்தம் இருக்கும், அல்லது ஓய்வெடுக்காமல் போட்ட ஒரு சண்டை இருக்கும், அல்லது பார்க்காமல் திறந்த ஒரு கதவு இருக்கும்.

ஒன்றிரண்டைத்தான் அடித்தேன், திடீரென்று தெருவே நிறைந்துவிட்டது

இதுதான் அதிகம் பேர் சொல்லும் புகார். காரணம் கிட்டத்தட்ட எப்போதும் சத்தம்.

கீழே வரும் ஒவ்வொன்றையும் உங்கள் கடைசி பத்து நிமிடத்தோடு பொருத்திப் பாருங்கள். துப்பாக்கி சுட்டீர்களா? அப்படியானால் மேலே தேடவே வேண்டாம். ஷாட்கன் ஒரு முறை வெடித்தால் ஊரின் ஒரு பகுதியே உங்களை நோக்கி நடக்கும். சன்னல் கண்ணாடியை உடைத்தீர்களா? வீட்டுக்குள் நுழைந்ததும் அலாரம் அடித்ததா? அடித்திருந்தால் அந்த வீட்டில் எடுக்க என்ன இருந்தாலும் விட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டும். 'ஃப்ரிட்ஜை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று நின்றவர்கள்தான் அங்கேயே செத்தார்கள். கியூ விசையைத் தெரியாமல் அழுத்தினீர்களா? அது கத்துவதற்கான விசை. புதியவர்கள் பலர் அதைப் பக்கத்து விசை என்று நினைத்துத் தவறி அழுத்திவிட்டு, கேரக்டர் 'ஏய்!' என்று கத்தியதைக் கவனிக்காமலே போகிறார்கள்.

அப்புறம், டிவி. முதல் வாரத்தில் லைஃப் அண்ட் லிவிங் சேனலில் தச்சு வேலை, சமையல், காட்டில் பிழைப்பது பற்றிய நிகழ்ச்சிகள் வரும். பார்த்தால் அந்தத் திறமைகள் ஏறும் என்பதால் எல்லோரும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியதும்தான். ஆனால் ஒலியைக் குறைத்து வையுங்கள். டிவி சத்தமும் வெளியே கேட்கும்.

சளி பிடித்திருந்தால் தும்மலும் இருமலும்கூடப் பிணங்களை இழுக்கும். கையில் டிஷ்யூவோ டாய்லெட் பேப்பரோ வைத்திருந்தால் தும்மல் சத்தம் அமுங்கிவிடும். இவ்வளவு சின்ன விஷயத்தையும் யோசித்து வைத்திருக்கிறார்களே என்றுதான் எனக்கு இந்த விளையாட்டின் மேல் இவ்வளவு பிரியம்.

இன்னொரு கண்ணி: ஒரு பிணம் உங்கள் கதவைத் தட்டத் தொடங்கினால், அந்தத் தட்டலே மற்றவற்றைக் கூப்பிடும். எனவே கதவுக்கு வெளியே ஒன்றே ஒன்று நின்றாலும் 'கிடக்கட்டும்' என்று விடக் கூடாது. வெளியே போய் முடித்துவிடுங்கள், அல்லது பின்வாசல் வழியாக நகர்ந்துவிடுங்கள்.

கூட்டம் ஏற்கனவே வந்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஓடாதீர்கள். அவை உங்களைவிட மெதுவானவை, நடந்தாலே போதும். இரண்டு மூலை திரும்பி, பார்வையிலிருந்து மறைந்ததும் சி விசையை அழுத்திக் குனிந்துகொள்ளுங்கள். மரங்கள் அடர்ந்த பக்கம் கிடைத்தால் அதற்குள் போங்கள். நேராக வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. பின்னால் வருபவை உங்களோடு வீடு வரை வரும். நீளமாக ஒரு சுற்றுப் போட்டு, பின்னால் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு வீடு திரும்புங்கள்.

எல்லாம் நன்றாகப் போனது, ஒரு வாரத்தில் ஒரேயடியாகக் குலைந்தது

ஹெலிகாப்டர். வழக்கமான அமைப்பில் 6ஆம் நாளிலிருந்து 9ஆம் நாளுக்குள் ஒரு முறை வரும். நீங்கள் வெளியே இருந்தால் உங்கள் தலைக்கு மேலேயே சுற்றும். அந்தச் சத்தத்துக்கு ஊரில் இருப்பதெல்லாம் உங்களிடம் வந்து சேரும். 'வீட்டை இவ்வளவு பலமாக அடைத்தேனே' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'எத்தனையாவது நாள்?' என்பதுதான்.

இதற்கு விளையாட்டிலேயே முன்னறிவிப்பு இருக்கிறது. ரேடியோவில் தானியங்கி அவசர ஒலிபரப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதன் அலைவரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்பதால் முதல் நாளே தேடிப் பிடித்துச் சேமித்துவிடுங்கள். வானிலையைச் சொல்லிக்கொண்டே வரும் அந்தக் குரல், ஹெலிகாப்டர் வரும் நாளில் வான்வழி நடமாட்டம் கண்டறியப்பட்டதாகச் சொல்லும். அதைக் கேட்டால் அன்று வேலை எதுவும் வேண்டாம். திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருங்கள். அல்லது காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து வெகுதூரம் போய், கூட்டத்தை அங்கே இழுத்துவிட்டுத் திரும்புங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன், பெட்ரோல் இருந்தால்.

அடித்துக்கொண்டே இருக்கிறேன், விழ மாட்டேன் என்கிறது

ஆயுதத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் திரையின் வலப்பக்க மேல் ஓரத்தைப் பாருங்கள். மூடில் என்ற சின்னப் படங்கள் அங்கே வரும். மூச்சிரைக்கும் படம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் உங்கள் அடியின் பலம் ஏற்கனவே குறைந்துவிட்டது. அடுத்த கட்டம் வந்தால் இன்னும் மோசம். அதே மட்டைதான், ஆனால் முதலில் மூன்று அடியில் விழுந்தது இப்போது ஏழெட்டு அடிக்கும் எழுந்து வரும். தூக்கக் கலக்கம், வலி, பீதி ஆகிய மூன்றும் இதோடு சேர்ந்துகொள்ளும். தோளில் பாதி வீட்டைச் சுமந்துகொண்டு சண்டை போட்டால் மூச்சு இன்னும் சீக்கிரம் போகும்.

மருந்து எளிது. மூச்சிரைக்கும் படம் முதல் முறை தெரிந்ததுமே பின்வாங்குங்கள், நடந்தே விலகுங்கள். பாதுகாப்பான இடத்தில் தரையில் உட்கார்ந்தால் மூச்சு சீக்கிரம் திரும்பும். மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குட்டையான வேலி இருக்கும் இடத்தில் சண்டை போடுவதும் பெரிய உதவி. வேலிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நீங்கள். அது ஏறி இந்தப் பக்கம் குப்புற விழும். விழுந்து கிடப்பதன் தலையில் ஓங்கி ஒரு அடி போதும். எனக்கு ஒரு நாள் மல்ட்ராவில் ஒரு வீட்டுக் கொல்லையில் வேலி ஓரமாகவே நின்று இருபதுக்கு மேல் முடிந்தது. இடையில் இரண்டு தடவை விலகிப் போய் உட்கார்ந்து வந்தேன். அதே எண்ணிக்கையைத் திறந்த சாலையில் சந்தித்திருந்தால் ஐந்தாவதிலேயே கதை முடிந்திருக்கும்.

கடி இல்லை, கீறல் இல்லை, ஆனாலும் குமட்டுகிறது

இந்த ஒரு அறிகுறிக்குக் கொஞ்சம் அதிக இடம் ஒதுக்குகிறேன். குமட்டல் மூடிலைப் பார்த்ததுமே, பிணமாக மாற்றும் தொற்று வந்துவிட்டது என்று முடிவு கட்டி, நல்ல நிலையில் இருக்கும் கேரக்டரைக் கைவிடுபவர்கள் நிறைய.

முதலில் ஹெச் விசையை அழுத்தி உடல் நிலைப் பலகையைத் திறந்து ஒவ்வொரு உறுப்பாகப் பாருங்கள். பிணங்களால் ஏற்பட்ட காயம் எங்கேயும் இல்லை என்றால், வழக்கமான அமைப்பில் தொற்று இல்லை. அடுத்த காரணங்களுக்குப் போகலாம்.

என்ன சாப்பிட்டீர்கள்? கெட்டுப்போனதா, வேகாத இறைச்சியா? ஆற்றுத் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ காய்ச்சாமல் குடித்தீர்களா? இவற்றால் வந்த குமட்டல் என்றால் ஓய்வும் நல்ல சாப்பாடும் போதும், உடம்பு தானாகத் தேறும். காட்டோரம் தேடினால் கிடைக்கும் எலுமிச்சைப்புல்லும் இதற்கு நல்ல மருந்து.

சாப்பாட்டில் குறை இல்லையா? வாசலில் எத்தனை பிணம் கிடக்கிறது என்று எண்ணுங்கள். சண்டை போட்ட இடத்திலேயே குடியிருந்தால், குவிந்து கிடக்கும் பிணங்களே நோய் தரும். மண்வெட்டி இருந்தால் குழி தோண்டிப் புதையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை.

இதுவும் இல்லை என்றால் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாலாவது வாரம், மின்சாரம் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. ஒரு கிடங்கிலிருந்து ஜெனரேட்டரை இரண்டு கைகளாலும் சுமந்து வீடு வரை கொண்டுவந்தேன். வெளியே மழை. திருட ஆளே இல்லாத ஊரில்கூட அதை வெளியே வைக்க மனம் வரவில்லை. சமையலறை மூலையில் இறக்கி, பெட்ரோல் ஊற்றி, இணைத்து ஓடவிட்டேன். ஃப்ரிட்ஜ் மறுபடி ஓடத் தொடங்கியது. விளக்கு எரிந்தது. பல நாளுக்குப் பிறகு சூடாக ஒரு சூப் வைத்துக் குடித்துவிட்டு மாடியில் படுத்தேன். விழித்தபோது குமட்டல் படம் வந்திருந்தது. உடம்பைப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. சூப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஓய்வெடுத்தால் சரியாகும் என்று என் கேரக்டரை மறுபடி படுக்க வைத்தேன். அந்தத் தூக்கத்திலிருந்து அவள் எழவில்லை.

ஜெனரேட்டர் புகை மூடிய வீட்டுக்குள் விஷம். நிஜத்திலும் அப்படித்தான், விளையாட்டிலும் அப்படித்தான். விளையாட்டில் கட்டடத்துக்கு வெளியே, சுவரை ஒட்டி வைத்தாலே போதும். சுற்றி 20 கட்டம் வரை மின்சாரம் பாயும். மழை அதை ஒன்றும் செய்யாது. ஓட ஓட அதன் நிலை குறைந்துகொண்டே வரும், மிகவும் குறையவிட்டால் தீப்பிடிக்கும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிகளை வைத்து அவ்வப்போது பழுது பாருங்கள். பழுது பார்க்கும்போது அணைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் குமட்டல் வந்தால் முதல் வேலையாக வெளியே போய் நில்லுங்கள், காரணத்தை அப்புறம் யோசிக்கலாம். நான் அதைச் செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

காயம் பட்டுவிட்டது, பிழைப்பேனா?

காயத்தின் பெயரைப் பாருங்கள். கடி என்றால் 100 சதவீதம் தொற்று. தோல் கிழிந்த காயம் என்றால் 25 சதவீதம். கீறல் என்றால் 7 சதவீதம்தான். இது பிணங்களால் வந்த காயங்களுக்கு மட்டும். உடைந்த கண்ணாடி வழியாக ஏறி வந்த கீறலுக்கும் தொற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கீறலையும் தவிர்க்கலாம்: சன்னலை உடைத்த பிறகு மவுசின் வலது பொத்தானை அழுத்தினால் கண்ணாடித் துண்டுகளை அகற்றும் வாய்ப்பு வரும். அகற்றிவிட்டு ஏறுங்கள்.

கீறல் பட்டால் கட்டுப் போட்டுவிட்டு வழக்கம்போல வாழுங்கள். 100இல் 93 முறை ஒன்றும் ஆகாது. தொற்று இருந்தால் காய்ச்சலும் குமட்டலும் ஏறிக்கொண்டே போய் 2, 3 நாளில் முடிந்துவிடும். மருந்து இல்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை புண் சீழ் வைப்பதற்குத்தான், இதற்கு அல்ல. 'காயம் தொற்றியது' என்று பலகையில் தெரிவதும் அந்தச் சீழைத்தான் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுப் பதறியவர்கள் பலர்.

இந்த விகிதங்கள் பிடிக்கவில்லை என்றால் விதிகளை நாமே அமைக்கும் சாண்ட்பாக்ஸ் முறையில் மாற்றிக்கொள்ளலாம், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. எச்சில் வழியாக மட்டும் பரவும் என்று வைத்தால் கடி தவிர வேறு எதற்கும் பயம் வேண்டாம். எல்லோருக்குமே தொற்று உண்டு என்றும் வைக்கலாம். அப்போது எதனால் செத்தாலும் எழுந்து நடப்பீர்கள். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு மிக நெருக்கமானது இந்த அமைப்புதான். அந்தப் படத்தில் கடிபட்டுத்தான் எழ வேண்டும் என்றில்லை, புதிதாகச் செத்தவர்கள் எல்லோருமே எழுந்து வருவார்கள். பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீட்டில் எடுத்த படம். சன்னலில் பலகை அடித்து உள்ளே பதுங்கும் காட்சி அதிலிருந்துதான் இந்த வகை விளையாட்டுகள் அத்தனைக்கும் வந்தது. படத்தில் 'ஜாம்பி' என்ற சொல் ஒரு தடவைகூட வராது.

அமைப்பில் வேகத்தை மாற்றி, பிணங்களை ஓடவிடும் வாய்ப்பும் இருக்கிறது. புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மெதுவாக வருவதுதான் இதன் பயமே.

கார் கிளம்பவில்லை, பங்கில் பெட்ரோல் வரவில்லை

சாவி இல்லை என்றால் காரின் டேஷ்போர்டுப் பெட்டி, சுற்றியுள்ள தரை, பக்கத்தில் கிடக்கும் பிணங்களின் பை என்று வரிசையாகத் தேடுங்கள். சாவி இல்லாமல் ஒயரை இணைத்துக் கிளப்ப மெக்கானிக் திறமை 2, எலக்ட்ரிக்கல் திறமை 1 வேண்டும். கேரக்டரை உருவாக்கும்போது திருடன் தொழிலைத் தேர்ந்தவருக்கு முதலிலேயே தெரியும். சாவி இருந்தும் கிளம்பவில்லை என்றால் பேட்டரி, பெட்ரோல், எஞ்சின் நிலை, இந்த வரிசையில் பாருங்கள்.

பங்கில் பெட்ரோல் வரவில்லை என்றால் மின்சாரம் போய்விட்டது. அது 0 முதல் 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகும், தண்ணீரும் அப்படியே. பங்குக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டால் மறுபடி வரும். வெளியேதான் வைக்க வேண்டும் என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

மாட் போட்டேன், ஆட்டத்தில் வரவே இல்லை

மாட் என்பது ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கும் கூடுதல் அம்சம். இந்தச் சிக்கல் விளையாட்டுக்குள் வருவது அல்ல, கணினிப் பக்கம். முகப்பில் இருக்கும் மாட் பட்டியலை மாற்றினால் புதிதாகத் தொடங்கும் ஆட்டத்துக்குத்தான் அது பொருந்தும். ஏற்கனவே ஓடும் சேவுக்கு, அதாவது சேமித்த ஆட்டத்துக்கு, தனிப் பட்டியல் இருக்கிறது. லோடு திரையில் அந்த சேவைத் தேர்ந்தெடுத்து, 'மோர்' பொத்தானை அழுத்தி, அங்கே மாட்களைச் சேருங்கள்.

திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் சிவப்புக் கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு மாட் பிழை தருகிறது. உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஜாம்பாய்டு என்ற ஃபோல்டர் இருக்கும், அதில் கன்சோல் என்ற டெக்ஸ்ட் ஃபைல். அதைத் திறந்து அடியிலிருந்து மேலாகத் தேடினால் பிழை வரிகளில் மாட்டின் பெயர் அநேகமாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பாதி மாட்களை நீக்கிவிட்டுப் புதிய ஆட்டத்தில் சோதியுங்கள். பிழை நின்றால் குற்றவாளி நீக்கிய பாதியில், நிற்காவிட்டால் மீதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 64 மாட் இருந்தாலும் ஆறே சோதனையில் பிடித்துவிடலாம். சோதனையை உங்கள் பழைய சேவில் செய்யாதீர்கள். பொருள்களைச் சேர்க்கும் மாட்டை நடுவில் நீக்கினால் அந்தப் பொருள்கள் காணாமல் போகும், வரைபட மாட் என்றால் இன்னும் மோசம்.

எல்லா மாட்டும் திடீரென்று ஒரே நாளில் உடைந்ததா? ஸ்டீமின் பீட்டா பகுதியில் எந்தப் பதிப்பு தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். 2024 டிசம்பரில் சோதனைப் பதிப்பாக வந்த 42இல் 41க்கான மாட்களும் சேவ்களும் வேலை செய்யாது.

நகரத்துக்குள் போகும்போது மட்டும் ஆட்டம் விக்கினால் நினைவகத்தைப் பாருங்கள். இது ஜாவாவில் எழுதப்பட்ட விளையாட்டு, எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்துத்தான் தொடங்கும். விளையாட்டு நிறுவியிருக்கும் ஃபோல்டரில் விளையாட்டின் பெயரோடு 64 சேர்ந்த ஜேசன் ஃபைலைத் திறந்தால் எக்ஸ்எம்எக்ஸ் என்பதற்குப் பக்கத்தில் 3072 என்று இருக்கும். கணினியில் 16 ஜிபி இருந்தால் 6144 அல்லது 8192 என்று மாற்றலாம். மொத்த ரேமில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், விண்டோஸுக்கும் இடம் வேண்டும். ஸ்டீமில் ஃபைல்களைச் சரிபார்த்தால் இது பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும், அப்போது மறுபடி மாற்றுங்கள்.

கடைசியாக, சேவ். அதே ஜாம்பாய்டு ஃபோல்டருக்குள் சேவ்ஸ் என்று ஒன்று இருக்கும். வாரம் ஒரு முறை அதை அப்படியே நகலெடுத்து வேறு டிரைவில் வையுங்கள். விளையாட்டை மூடிவிட்டு நகலெடுக்க வேண்டும். கரண்ட் போய்க் கணினி அணைந்து சேவ் கெட்டால், உங்களைக் காப்பாற்றுவது இந்த நகல் மட்டும்தான்.

செத்துவிட்டேன், எல்லாம் போனதா?

போகவில்லை. கேரக்டர்தான் போனது, உலகம் அப்படியே இருக்கிறது. அதே சேவில் புதிய கேரக்டரை உருவாக்கலாம். நீங்கள் அடித்த பலகைகள், சேர்த்த டப்பா உணவு, நிறுத்திய கார் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். பழைய வீட்டுக்குப் போகும் முன்பு ஒரு மட்டையும் கொஞ்சம் தண்ணீரும் தேடிக்கொள்ளுங்கள். பகலிலேயே போய்ச் சேருங்கள். தொற்றோடு செத்திருந்தால், அந்தத் தெருவில் உங்கள் பழைய கேரக்டர் அதே சட்டையோடு, தோளில் அதே பையோடு நடந்துகொண்டிருக்கும். மூச்சிரைக்காமல் போய், வேலி இருந்தால் வேலி ஓரமாக நின்று, தனியாக இழுத்து முடியுங்கள். பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.